முன்றிலும் புறக்கடையும்: நூற்றாண்டு நடுப்பகுதிப் புறநகர் மனைகள் பற்றிய ஒரு திறனாய்வு

இல், மனை, அகம், உறையுள், குடில், நகர், வீடு என மக்கள் வாழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. இவற்றுள் 'நகர்' என்னும் சொல்லின் வரலாறு தனியே ஆராயத் தக்கது. சங்கச் செய்யுட்களில் அச்சொல் பேரூரைக் குறித்தலேயன்றித் தனித்து நிற்கும் மாளிகையையும் கோயிலையும் குறித்து வழங்கிற்று. பிற்காலத்தே மாளிகை என்னும் பொருள் வழக்கு வீழ்ந்து, பல தெருக்கள் கூடிய ஊர் என்னும் பொருளே நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், ஊர் எல்லைக்கு வெளியே கிடந்த நன்செய்களும் புன்செய்களும் மனைகளாகப் பகுக்கப்பட்டபோது, அவ்வப் பகுதிகளுக்குத் தலைவர் ஒருவர் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ இட்டு, அதன் பின்னே 'நகர்' எனச் சேர்த்தல் வழக்கமாயிற்று. சென்னை அடையாற்றின் காந்தி நகரிலும் மதுரையின் அண்ணா நகரிலும் இவ்வழக்கைக் காணலாம். இங்ஙனம் பெயர் பெற்ற இடங்களில் எழுந்த வீடுகளுட் பல, பக்கத்து வீட்டின் சுவரைத் தொடாது நாற்புறமும் வெளி விட்டுத் தனித்து நிற்பவை. ஆகவே, தனித்து நிற்கும் மனை என்னும் பழம்பொருள், வழங்கியோர் அறியாமலே அச்சொல்லிடம் ஒருவாறு மீண்டு வந்தது எனலாம்.

1947க்கும் ஏறத்தாழ 1970க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த இத்தகைய வீடுகள்பால் இன்று தோன்றியுள்ள விருப்பமே இக்கட்டுரையின் பொருள். பழைய வீடு என்றால் செட்டிநாட்டு மாளிகையையே நினைத்துப் பழகிய கண்கள், இப்பொழுது தட்டைக் கூரையையும், கிடைக்கோடாய் நீளும் சன்ஷேடையும், சிமென்டு ஜாலியையும், வழவழப்பேறிய சிவப்புக் காவித் தரையையும் நின்று பார்க்கின்றன. படம் எடுத்துப் போற்றுகின்றன. இவ்விருப்பம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1945 முதல் 1966 வரை 'ஆர்ட்சு அண்டு ஆர்க்கிடெக்சர்' என்னும் இதழ் முன்னின்று நடத்திய மாதிரி வீட்டுத் திட்டத்தின் வீடுகளும், சோசப் ஐக்ளர் என்பார் கட்டி விற்ற ஏறத்தாழ 11,000 வீடுகளும் இன்று பேரார்வத்துடன் தேடப்படுகின்றன. தாழ்ந்த கூரை, அகன்ற கண்ணாடி, அறைகளைப் பிரிக்கும் சுவர் குறைந்த அமைப்பு என்பன அவற்றின் இயல்புகள். ஐக்ளர் 1950களின் பிற்பகுதியிலிருந்து வீட்டின் நடுவே வானம் நோக்கித் திறந்த ஒரு வெளியையும் அமைத்து விற்றார். அஃது அந்நாட்டார்க்குப் புதுமை, நமக்கோ முற்றம்!

இவ்விருப்பத்திற்குக் காரணம் கூறுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், இவ்வீடுகள் மேனாட்டிலிருந்து இறக்குமதியான வடிவங்கள் என்றும், அவற்றை விரும்புதல் அயல்மோகமே என்றும் கூறுவர். மற்றொரு சாரார், தாம் பிறந்து வளர்ந்த வீட்டை முதுமையில் நினைந்து உருகும் உணர்ச்சியே இது என்பர். இரண்டும் ஓரளவே பொருந்தும். அயல்மோகமே காரணமாயின், அதன் பின்னர் வந்த, அயலினும் அயலான கண்ணாடி முகப்பு வீடுகள் இவற்றினும் மிகுதியாக விரும்பப்படுதல் வேண்டும். நினைவே காரணமாயின், அவ்வீடுகளில் ஒரு நாளும் வாழ்ந்திராத இளைஞர் அவற்றை நாடுதற்குக் காரணம் கூற இயலாது. ஒரு செய்யுள் காலங்கடந்து நிற்பது அதன் அமைதியால் என்று கொள்ளும் நாம், ஒரு மனையையும் அவ்வாறே அதன் அமைதியில் வைத்துக் காணுதல் முறையாகும். அங்ஙனம் காணின், இம்மனைகளின் ஆற்றல் அகத்துக்கும் புறத்துக்கும் இடையே அவை வகுத்த எல்லையில் இருப்பது புலனாகும். அவ்வெல்லை இரண்டு இடத்தில் அமைவது: ஒன்று முன்றில், மற்றொன்று புறக்கடை. இன்றைய விருப்பம் முன்றிலை மட்டும் கண்டு புறக்கடையைக் காணாது விடுகின்றது என்பதே யான் ஈண்டு நிறுவ விரும்பும் கருத்து.

முதற்கண் பழைய தெரு வீட்டின் அமைதியை நோக்குவோம். திண்ணை, இடைகழி, முற்றம், கூடம், அட்டில், கொல்லை என முன்னிருந்து பின்னாக ஒரே கோட்டில் செல்வது அது. இருபுறமும் பொதுச்சுவர், ஆதலின் பக்கங்களில் காற்றும் ஒளியும் இல்லை. வானமே அவ்வீட்டின் சாளரம். முற்றமே அது திறக்கும் வாயில். இடைகழியின் சிறுமையை வைணவ மரபு மறக்கவொண்ணாத வகையில் பதிந்து வைத்துள்ளது. திருக்கோவலூரில் மழையிரவொன்றில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் கூடிய வரலாற்றில், அவ்விடம் ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் போதியது என்று கூறப்படுகின்றது. வீட்டின் அளவைக் கோலால் அளவாது மனிதர் உடலால் அளந்த இம்முறை, இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் பெரிதும் பேசிய மனித அளவு என்னும் கோட்பாட்டிற்கு நம் மரபில் கிடைக்கும் இனிய முன்னோடி.

மதுரை மாநகர் தன் எல்லையை உடைத்துக் கொண்டது 1840களில். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட, வெளி வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்பனவும் எழுந்தன. அவையும் தெரு வீடுகளே. 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களை ஆராய்ந்த பாட்ரிக் கெடிசு மதுரை பற்றியும் அறிக்கை எழுதினார். பழைய பகுதிகளை இடித்துத் தள்ளி நேர்த்தெரு போடும் வழக்கத்தைக் கடிந்து, வேண்டுமிடத்துச் சிறிதே அறுத்து ஊரின் உயிரைக் காத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சென்னை மாகாணத்து நகரமைப்புச் சட்டம் 1920இல் பிறந்தது. தெருவிலிருந்தும் அண்டை மனையிலிருந்தும் இத்துணை அடி விலகியே கட்டுதல் வேண்டும் என்னும் விதிகள் நாளடைவில் வீட்டின் உருவையே மாற்றின. வைகைக்கு வடக்கே தல்லாகுளம், சொக்கிகுளம் முதலிய பகுதிகளில் தோட்டத்தின் நடுவே நிற்கும் வீடுகள் முன்னரே இருந்தன எனினும், அவை அதிகாரிகளுக்கும் செல்வர்க்கும் உரியவை. ஆசிரியரும் எழுத்தரும் வங்கிக் கடன் பெற்றும் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தும் தனிமனை கட்டத் தொடங்கியது விடுதலைக்குப் பிற்பட்ட நிகழ்ச்சி.

இங்கு நிகழ்ந்த மாற்றம் ஆழமானது. தெரு வீட்டில் வானமும் மழையும் துளசி மாடமும் வீட்டின் உள்ளே, முற்றத்தில் இருந்தன. புறநகர் மனையில் முற்றம் மறைந்தது. மறைந்த முற்றம் வீட்டைச் சுற்றிய வெளியாகப் பரந்தது. முன்னதில் அகத்தின் நடுவே புறம் இருந்தது. பின்னதில் புறத்தின் நடுவே அகம் நின்றது. அகம், புறம் என்னும் பாகுபாட்டைப் பொருளிலக்கணத்தின் அடிப்படையாகக் கொண்ட மொழியினர் இம்மாற்றத்தை எளிதிற் கடந்து போதல் தகாது. 'இல்முன்' என்பது 'முன்றில்' என நின்றதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். சொல்லின் உறுப்புகள் இடம் மாறினும் பொருள் மாறாமை போல, மனையின் உறுப்புகள் இடம் மாறியும் வாழ்க்கையின் பொருள் கெடாதவாறு காத்ததே நூற்றாண்டு நடுப்பகுதி வீட்டின் சிறப்பு. திண்ணை செய்த பணியை வராந்தா ஏற்றது. முற்றம் தந்த காற்றை ஜாலி தந்தது. மொட்டைமாடி வேனிலிரவுக்குப் படுக்கையிடமாயிற்று.

காற்றைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 'காலதர்' என்பது சாளரத்தைக் குறிக்கும் பழஞ்சொல். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளி புகும் இடம் என்றோ வெளியைக் காணும் இடம் என்றோ கருதாது, காற்றின் வழி என்றே நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். சிலப்பதிகாரம் மானின் கண் போன்ற காலதர்களை மாளிகைகளுக்கு உரைக்கின்றது. வேனிற்குரிய பள்ளியையும் கூதிர்க்குரிய பள்ளியையும் வேறுபடுத்தி, கூதிர்ப் பள்ளியின் குறுங்கண் அடைக்கப்படுதலையும் கூறுகின்றது. நெடுநல்வாடையோ இத்துறையில் தலைசிறந்தது. நண்பகலில் நிழல் பார்த்துத் திசை கண்டு, கயிறிட்டு நிலம் வகுத்து மனை எடுத்த நூல்வல்லாரின் செயலை அப்பாட்டு நுணுக்கமாகப் புனைகின்றது. வாடைக் காலமாதலின் வேண்டப்படாத விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்தி நூலுடன் தொங்குவதையும் அது காட்டுகின்றது. ஒரு வீட்டின் சிறப்பை அது பருவத்திற்கு இயைந்து மாறும் திறத்தால் அளக்கும் பார்வை இது. கீழடியில் 2015 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்களும் துளையிட்ட கூரையோடுகளும் வெளிப்பட்ட பின்னர், வைகைக் கரை மனைகளைப் பற்றிய இப்புனைவுகளை வெறுங் கற்பனை என்று ஒதுக்குவார் குறைந்துவிட்டனர்.

புதுச்சேரியில் ஆண்டனின் ரேமண்டு என்பார் வடிவமைத்து, சார்சு நகாசிமா உடனிருந்து எழுப்பி, 1940களில் நிறைவெய்திய கோல்கொண்டா விடுதியைக் கண்டவர்க்கு இது நன்கு விளங்கும். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அக்கட்டடம் இந்தியாவின் முதற் கான்கிரீட்டு நவீனக் கட்டடங்களுள் ஒன்று. அதன் முகப்பு முழுவதும் திருப்பத்தக்க கிடைத்தகடுகளால் ஆயது; காற்று வேண்டின் திறக்கலாம், சாரல் வரின் சாய்க்கலாம். அறைகளுக்கோ தேக்காலான நகர்கதவுகள். மேனாட்டுக் கல்வி பெற்ற கலைஞர்கள் சோழமண்டலக் கரையின் வெயிலைக் கண்டபோது சென்று சேர்ந்த இடம் காலதரே. மாக்சுவெல் பிரையும் சேன் துரூவும் 1956இல் வெப்ப ஈர நாடுகளின் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலும் இவ்வழியினதே. அவ்விருவரும் பியர் சானரேயும் சண்டிகரில் முதலமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை பதின்மூன்று வகையாகப் பகுத்துக் கட்டிய அரசு வீடுகளில் பெரும்பாலானவை செங்கல்லால் ஆயவை. நிழல் தரும் துளைச்சுவர்களை உடையவை. ஊர்ச் சிமென்டுத் தொழிற்சாலைகளில் அச்சில் வார்த்து விற்ற ஜாலிக் கற்கள், நம் புறநகர் மனைகளுக்கு இக்கொள்கையைக் குறைந்த விலையில் கொண்டு சேர்த்தன. பூவாகவும் சதுரமாகவும் பிறையாகவும் அமைந்த அவற்றின் நிழல் மாலை வெயிலில் வராந்தாத் தரையில் விழும் அழகைக் கண்டவர் மறவார்.

இவ்வழகிற்குப் பின்னே வறுமையும் உண்டு. இரும்பும் சிமென்டும் அரிதாக இருந்த காலம் அது. சிமென்டின் மீதான அரசுக் கட்டுப்பாடு 1982இல்தான் ஓரளவு தளர்ந்தது. ஆதலின், சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தும், தரைக்குச் சிவப்புக் காவியும், கூரைக்கு மெட்ராஸ் டெரஸும் நெடுங்காலம் தொடர்ந்தன. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லி இட்டு இடித்து, தட்டோடு பதித்து முடிப்பது மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட்டுக் கூரை வந்த பின்னும் அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் இடும் வழக்கம் நின்றது. இல்லையெனின் பகலெல்லாம் குடித்த வெயிலை அக்கூரை இரவெல்லாம் உமிழும். சொற்சுருக்கம் செய்யுளுக்கு அழகு தருதல் போலப் பொருட்சுருக்கம் இவ்வீடுகளுக்கு அழகு தந்தது. வேண்டாத தூண் இல்லை. வேண்டாத குவிமாடம் இல்லை. முகப்பில் ஒரே ஒரு கோடு, அதுவும் மழைநீரை விலக்கும் சன்ஷேடின் கோடு. பிற்காலத்தார் பொருள் மிகுந்த நிலையில் அதே கோட்டை அலங்காரமாக இழுத்தபோது அது பொலிவிழந்தமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் முன்றிலின் புகழ். இப்புகழிலும் ஒரு மாசு உண்டு. திண்ணை வழிப்போக்கர்க்கு இடந்தந்தது என்று பாராட்டுவோர், எல்லா வழிப்போக்கர்க்கும் அஃது இடந்தரவில்லை என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். சாதியால் விலக்கப்பட்டோர் திண்ணையில் அமர்தல் எளிதன்று; அவர் அத்தெருவில் நடத்தலே தடைப்பட்ட ஊர்கள் இருந்தன. புறநகர் மனை திண்ணையை நீக்கிக் காம்பவுண்டுச் சுவரை எழுப்பிற்று. அதனால் திண்ணையின் பாகுபாடு மறைந்தது. ஆனால் சுவரும் கதவும் அனைவரையும் ஒருங்கே வெளியே நிறுத்தின. மனை வாங்குவோர் இன்னார் என்னும் தேர்வோ, பத்திரத்தில் எழுதப்படாவிடினும், பலவிடத்துத் தொடர்ந்தது. இவ்வகையில் அமெரிக்கா நமக்கு மிக அணித்து. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுன் புறநகரில் 1947இல் வாடகை ஒப்பந்தங்களிலேயே கறுப்பினத்தவரை விலக்கும் விதி எழுதப்பட்டிருந்தது. ஐக்ளர் அங்ஙனம் விலக்காது எல்லா இனத்தார்க்கும் விற்றார். இதே கொள்கை காரணமாக 1958இல் வீடு கட்டுவோர் சங்கத்தினின்றும் விலகினார். அவர் கட்டிய கண்ணாடிச் சுவரைப் புகழும் நூல்கள் பல; இச்செயலைப் புகழ்வன சில.

இனிப் புறக்கடைக்கு வருவோம். முகப்பைப் படம் எடுப்போர் வீட்டின் பின்புறம் செல்வதில்லை. பழைய நகராட்சித் தெருக்கள் பலவற்றில் வீடுகளின் பின்னே ஒரு குறுஞ்சந்து ஓடும். உலர் கழிப்பிடத்தின் மலத்தை எடுத்துச் செல்லும் தொழிலாளர் வந்து போவதற்கென்றே அமைந்த வழி அது. தெருவில் நடக்கத் தகாதவர் என்று கருதப்பட்டோர்க்கு ஊரமைப்பே ஒதுக்கித் தந்த பாதை. திண்ணையும் முற்றமும் எத்துணை அழகினவாயினும், அவ்வழகு இச்சந்தின் மேல் நின்றது என்பதை மறைத்தல் திறனாய்வாகாது. நூற்றாண்டு நடுப்பகுதி மனை, தன் நிலத்திலேயே செப்டிக் டேங்கு அமைத்து, நீர் ஊற்றும் கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கொண்டது. அதன் வாயிலாகப் பின்சந்து தேவையற்றதாயிற்று. கூரையின் தட்டையோ ஜாலியின் பூவோ அன்றி, இதுவே இவ்வீடுகளின் மெய்யான புதுமை என்று யான் கருதுகின்றேன். புதுமை முழுமை பெற்றதென்று கூறல் இயலாது: உலர் கழிப்பிடத்தைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும், கையால் மலம் அள்ளும் தொழிலையே தடைசெய்யும் சட்டம் 2013இலும் இயற்றவேண்டியிருந்தது. செப்டிக் டேங்கில் இறங்கி மனிதர் மாள்வது இன்றும் செய்தியாக வருகின்றது. எனினும் மனையின் வரலாற்றில் ஒரு கட்டம் அங்கே மாறியது.

இவ்விடத்தே டி. கல்லுப்பட்டியை நினைத்தல் பொருத்தமாகும். திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில், பேரையூரை அணுகி, கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது இவ்வூர். இங்கு 1940இல் கோ. வேங்கடாசலபதி காந்திநிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். ஆசிரம வாழ்க்கையில் தம் கழிப்பிடத்தைத் தாமே தூய்மை செய்தல் காந்தியடிகள் வகுத்த முதற்பாடங்களுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. புறநகர் மனை குழாயையும் தொட்டியையும் கொண்டு தீர்த்த சிக்கலை, ஆசிரமம் மனிதரின் மனத்தைக் கொண்டு தீர்க்க முயன்றது. இரு வழியும் சென்று முட்டும் இடம் அதே புறக்கடை.

அவ்வாசிரமத்திற்கு 1950களின் நடுவில் உடல் நலங்குன்றி வந்து தங்கியவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்காயர் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழில் நடத்தி, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர் அவர். 1929இல் காந்தியடிகளைக் கண்டு, பின்னர் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தினார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவர் நூல் 1945இல் வெளிவந்தது. வானளாவிய மாடங்களின் ஊரை நேரிற் கண்ட ஒருவர் தம் இறுதி ஆண்டுகளைக் கரிசற் காட்டில் ஓர் எளிய குடிலில் கழித்தார். 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் காலமானார். அவர் இருப்பிடத்தில் காந்தியடிகளின் படத்தோடு ஏழைக் குடியானவர் ஒருவரின் படமும் இருந்தது என்றும், முன்னவரைத் தம் தலைவர் என்றும் பின்னவரைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அவர் வந்தோர்க்குக் காட்டினார் என்றும் சொல்வதுண்டு.

இக்குடிலும் நவீனமே. சண்டிகர் உருவான அதே ஆண்டுகளில், கலிபோர்னிய மாதிரி வீடுகள் எழுந்த அதே ஆண்டுகளில், உலகம் முழுவதையும் கண்டறிந்த ஒருவர் எண்ணித் தேர்ந்த வாழிடம் அது. பழமையால் வந்து வாய்த்ததன்று. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால், போதிய காற்றும் ஒளியும் உடையதாய்க் கிராம வீடு அமைதல் வேண்டும் என்று காந்தியடிகள் 1937இல் எழுதினார். இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக் கல்லுப்பட்டியில் நின்று நோக்கின், களிமண்ணும் கல்லும் பனையும் சுண்ணாம்பும் அதனுள் அடங்கும். சிமென்டும் இரும்பும் கண்ணாடியும் அடங்கா. புறநகர் மனை இத்தேர்வில் பாதியே தேறும். சுண்ணாம்புச் சாந்தும் உள்ளூர்ச் செங்கல்லும் கொண்ட அளவில் தேறி, கான்கிரீட்டுக் கூரையில் வீழும்.

கரிசல் மண்ணோ இதைவிடக் கடுமையான திறனாய்வாளர். மழையில் ஊறிப் பருத்து, கோடையில் சுருங்கிப் பிளக்கும் இயல்பினது அது. அதன்மேல் ஆழமற்ற கடைக்காலிட்டு எழுப்பிய சுவர் சில பருவங்களிலேயே மூலைவிட்டமாக விரிசல் காணும். மண் சுவரும் ஓட்டுக் கூரையும் உடைய வீடு அசைந்து கொடுத்து, ஆண்டுதோறும் பூசப்பட்டு வாழும். இறுகிய கான்கிரீட்டுச் சட்டம் அசையாது, வெடிக்கும். இதற்கென ஆழத் தோண்டி மணல் நிரப்புதலும், உரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த, அடியில் குமிழ்போல் விரியும் குத்துக்கால் அடித்தளமும் தோன்றின. மேனாட்டு வடிவத்தை அப்படியே இறக்கி வைத்தல் கரிசலில் இயலாது. அந்நிலம் ஒவ்வொரு வீட்டையும் மொழிபெயர்க்கும்படி வற்புறுத்தும். அயல்மோகம் என்னும் குற்றச்சாட்டிற்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

தமிழாராய்ச்சியாளர்க்கே உரிய மற்றொரு சான்று இவ்வீடுகளின் நெற்றியில் உள்ளது. கைப்பிடிச் சுவரின் நடுவே சாந்தில் எழுப்பிய எழுத்தில் வீட்டின் பெயரும் கட்டிய ஆண்டும் பொறித்தல் அக்கால வழக்கம். பெயர்களைக் காலவரிசையில் அடுக்கின் மொழி வரலாறு ஒன்று தானே விரியும். விலாசம், பவனம், நிவாசம், நிலையம் என்னும் ஈறுகள் முற்பட்டவை. இல்லம், அகம், குடில் என்னும் ஈறுகள் தனித்தமிழ் உணர்ச்சி வேரூன்றிய பின் பெருகியவை. வடிவில் வேறுபாடில்லாத இரு வீடுகள் பெயரால் இருவேறு உலகத்தினவாக நிற்றலும் உண்டு. கல்வெட்டுகளில் ஒற்றெழுத்துக்குச் சண்டையிடும் நாம் சாந்தில் எழுதிய இவ்வெழுத்துகளைப் படிக்க மறந்தோம்! சில வீடுகளில் ஆண்டு தமிழ் எண்களில் இருத்தலையும் காணலாம்.

அக்காலப் புதினங்கள் இவ்வீடுகளை எங்ஙனம் கண்டன என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. ஒன்றிரண்டு மட்டும் சுட்டுவேன். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் மகளான பூரணியைத் திருப்பரங்குன்றத்தில் வாழ வைக்கின்றது. அங்கு வீடு ஒழுக்கத்தின் உறைவிடம்; அதன் சுவரும் கூரையும் ஆசிரியர்க்குப் பெரிதல்ல. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) இதற்கு நேர்மாறு: சென்னையின் ஒண்டுக் குடித்தனத்தில் குழாயும் வாளியுமே மனித உறவுகளை நிறுவுகின்றன. வீடு என்பது நீர் வரும் இடம் என்று அந்நூல் போல எவரும் காட்டியதில்லை. செயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973) பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து புதுக்கும் ஹென்றியின் கதை. புதிய மனிதன் பழைய வீட்டில் குடிபுகும் அப்புதினத்தில், வீட்டைப் புதுப்பித்தல் ஊரோடு உறவு கொள்ளுதலாகவே நடைபெறுகின்றது. மூன்றனுள் இதனையே யான் சிறப்பாகக் கொள்வேன். புதிய புறநகர் மனையையே கதையின் நடுவில் நிறுத்தி, அதன் சுவரையும் வராந்தாவையும் பாத்திரங்களாக்கியமை இம்மூன்றனுள் எதிலும் இல்லை என்பதும் கருதத் தக்கது.

இன்று இவ்வீடுகளுக்கு நேரும் கேடு இருவகைத்து. ஒன்று, நிலத்தின் விலை ஏறியமையால் இடித்து அடுக்ககம் எழுப்புதல். மற்றொன்று, போற்றுவோரால் நேர்வது. ஜாலியைக் கண்ணாடியால் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்துவர். சிவப்புத் தரையைப் பெயர்த்துப் பளிங்கு இடுவர். முகப்பின் கோட்டை மட்டும் வண்ணம் பூசிக் காப்பர். காற்றின் வழியை அடைத்தபின் காலதர் என்னும் சொல்லுக்கு அங்கே பொருளில்லை. கொழும்பில் செப்ரி பாவா 1960க்கும் 1962க்கும் இடையே ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு இதற்கு மாறான எடுத்துக்காட்டு. நகரத்தின் சிறு மனையில் நடுமுற்றத்தை மீட்டு வைத்தது அவ்வீடு. அஃது இருந்த நிலம் கைமாறியபோது, பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணிட்டு, பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் கட்டப்பெற்றது. ஊரினின்றும் தெருவினின்றும் பெயர்த்த வீடு அதே வீடாகுமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு; ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த பாட்டைப் பற்றி அத்தகைய ஐயம் நமக்கு எழுவதில்லையே என்பதும் உண்மை. எனினும் முற்றமும் காற்றும் உடன் பெயர்ந்தமையின், முகப்பை மட்டும் காத்தலினும் அது மேல்.

கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் ஆகிய மூன்று ஊர்களில் நெற்றியில் ஆண்டு பொறித்த வீடுகளைக் கணக்கெடுத்து, பெயர், ஆண்டு, முகப்பு, வராந்தாவின் அளவு, கூரையின் வகை என்பவற்றுடன் புறக்கடையின் அமைப்பையும் பின்சந்து உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளும் பணியை முதுகலை மாணாக்கர் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடலாம். பின்சந்துகளைப் பற்றி ஆவணங்களைக் காட்டிலும் முதியோரே மிகுதியாக அறிவர். அவருள்ளும் அச்சந்துகளில் நடந்தவரிடம் முதலில் கேட்டல் வேண்டும்.